வீட்டில நிக்கிறவரின் வேலை



தலைப்பைக் கேட்டதும் ஒரு தோழர் சிரித்துவிட்டார். "வாடகை, நாடுகடத்தல், காஸா எண்டு கதைக்கிற இடத்தில கோப்பை கழுவுற கதையோ?" என்றார். ஓம், அந்தக் கதைதான். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கிற நேரத்தில் ஆக்கள் என்னைத் தனியாக மறித்துக் கேட்பது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். "அவனுக்கு வேலை போய் நாலு மாசம். நான் முழுநேரம் வேலை செய்யிறன். வீட்டு வேலையை எப்பிடிப் பிரிக்கிறது?" "அவளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நாள் முழுக்க வீட்டில நிக்கிறாள். அதால சமையல், உடுப்பு எல்லாம் அவள்தான் எண்டு ஆகிப்போச்சு. இது சரிதானோ?"

என்ர வீட்டிலும் நிலைமை அதுதான். நான் படிப்போடு பகுதிநேர வேலையும் செய்கிறேன். என்ர துணைவர் இப்போது சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. ஏன் என்பது அவருடைய கதை, அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. இந்தப் பேச்சை முதலில் வாசித்தவர் அவர்தான். இரண்டு வசனத்தை வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன்.

எங்கட வட்டத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் புழங்குகின்றன. ஒன்று, எல்லாம் சரிபாதி. நாங்கள் இடதுசாரிகள், சமத்துவம் என்றால் ஐம்பதுக்கு ஐம்பது. கேட்க நல்லாயிருக்கும். ஆனால் கிழமைக்கு 45 மணித்தியாலம் வேலை செய்துவிட்டு, சென்ட்ரல் லைனில் நின்றபடி வீடு வருகிற ஆள் அரைவாசிக் குசினியையும் பார்க்க வேண்டும் என்றால், அங்கே ஒருவருக்கு இரண்டு வேலை, மற்றவருக்கு அரை வேலை. இரண்டாவது பதில், வெளியில் உழைக்கிறவர் உழைக்கட்டும், வீட்டில நிக்கிறவர் வீட்டைப் பார்க்கட்டும். இதுவும் கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் இதுதான் எங்கட அம்மாமாருக்குக் கொடுக்கப்பட்ட ஒப்பந்தம். வெளிவேலைக்கு மணி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, சம்பளத் துண்டு இருக்கிறது. வீட்டு வேலைக்கு அது ஒன்றும் இல்லை. ஆம்பிளை வீட்டில நிக்கிறபடியால் இந்தமுறை இது புரட்சி என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆள் மாறினால் ஒப்பந்தம் மாறிவிடாது.

இந்த ஒப்பந்தத்தின் கணக்கை ஒரு நீதிமன்றம் கூட்டிப் பார்த்த சம்பவம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கட ஆக்களின் கதை. தமிழ்நாட்டில் ஒரு குடும்பம். கணவர் 1983 முதல் 1994 வரை சவூதி அரேபியாவில் வேலை செய்கிறார். மனைவி பிள்ளைகளோடு ஊரில். அவர் அனுப்பிய காசில் சொத்துகள் வாங்கப்படுகின்றன. திரும்பி வந்ததும் சண்டை. நான் உழைத்த காசு, என் சொத்து, அவள் வெறும் பொறுப்பாளர் என்பது கணவரின் வாதம். வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது. இடையில் கணவர் இறந்துபோக, பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்தார்கள். கடைசியில் 2023 யூன் 21ஆம் திகதி சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புச் சொன்னார். கணவர் உழைத்து வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று.

தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் அவர் வேலையை எண்ணிப் பார்க்கிற இடம். வீட்டை நிர்வகிக்கிறவர், சமைக்கிறவர், கைவைத்தியம் பார்க்கிறவர், வரவு செலவு பார்க்கிறவர், எல்லாம் ஒரே ஆள். கணவருக்கு எட்டு மணித்தியால வேலை, இவருக்கு 24 மணித்தியாலமும் விடுமுறையில்லாத வேலை. இவர் வீட்டைப் பார்த்தபடியால்தான் அவரால் வெளிநாட்டில் நிம்மதியாக உழைக்க முடிந்தது, ஆகவே அந்த உழைப்பில் இவருடைய கையும் இருக்கிறது என்பது தர்க்கம். இன்னொன்றும் சொன்னார். மனைவியின் இந்தப் பங்களிப்பை அங்கீகரிக்கிற சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை, ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கிற சட்டமும் இல்லை. சட்டத்தில் இருக்கிற அந்த வெற்றிடத்துக்குள் புகுந்துதான் அந்தப் பெண்ணுக்குப் பங்கு கிடைத்தது.

நல்ல தீர்ப்பு. ஆனால் நாங்கள் கைதட்டுவதற்கு முதல் ஒன்றைப் பார்க்க வேணும். பங்கு கேட்கச் சொத்து இருந்தது. வழக்காடி முடியும்வரை உயிர் இருந்தது. ஈஸ்ட்ஹாமில் மேல்மாடியில் ஒரு அறை வாடகைக்கு இருக்கிற சோடிக்கு எதில் பாதி? டெபொசிட்டிலயா?

இந்தியச் சட்டம் வீட்டு வேலைக்கு விலை போட்ட இன்னொரு இடம் வீதி விபத்து. வீட்டில் இருந்த பெண் விபத்தில் செத்தால் குடும்பத்துக்கு எவ்வளவு நட்டஈடு என்று கணக்குப் பார்க்க வேண்டும் அல்லவா, அப்போது அவருக்கு ஒரு கற்பனை வருமானம் தேவைப்படுகிறது. 2021 ஜனவரியில் இப்படியொரு வழக்கில் நீதிபதி என்.வி. ரமணா எழுதிய தீர்ப்பு 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வை எடுத்துக் காட்டியது. அந்த ஆய்வின்படி தன் வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வதில் ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 299 நிமிடம் போகிறது, ஆணுக்கு 97 நிமிடம். இந்த 97ஐப் பார்த்து, பரவாயில்லையே, ஒன்றரை மணித்தியாலம் செய்கிறார்களே என்று நினைக்காதீர்கள். அது அந்த வேலையைச் செய்கிற ஆண்களின் சராசரி மட்டும். அப்படிச் செய்கிறவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் நூற்றுக்கு 81 பேர். உயிரோடு இருக்கும்வரை விலையில்லாத வேலை, செத்த பிறகு ஒரு தொகையாகிறது. எங்கட சமூகத்தில் மரணச் சடங்கில் மட்டும் அம்மாவின் சமையலைப் பற்றி அழுது பேசுகிற மாதிரி.

இங்கே திரும்பி வருவோம். இங்கிலாந்தில் திருமணம் முடித்தவர்களுக்கு 2000ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை ஒரு கோட்டைக் கீறியது. ஒயிட் எதிர் ஒயிட் என்ற வழக்கில் நிக்கல்ஸ் பிரபு சொன்னதன் சாரம், விவாகரத்தில் சொத்தைப் பிரிக்கும்போது காசு உழைத்தவரை ஒரு படி மேலேயும் வீட்டைப் பார்த்தவரை ஒரு படி கீழேயும் வைக்கக் கூடாது என்பது. ஆனால் இது தாலியோ மோதிரமோ அல்ல, பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு மட்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவைப் பிறகு பார்ப்பம் என்று விட்டவர்கள் இந்த அறையிலும் இருக்கலாம்.

சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு 1984ஆம் ஆண்டின் பேர்ன்ஸ் எதிர் பேர்ன்ஸ் வழக்கைப் பாருங்கள். 19 வருடம் ஒன்றாக வாழ்ந்தார்கள், பதிவுத் திருமணம் இல்லை, வீடு அவனுடைய பெயரில். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், வீட்டைப் பார்த்தவள். மேன்முறையீட்டு நீதிமன்றம் அவளுக்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்றது. நீதிபதிகள் அனுதாபப்பட்டார்கள், ஆனால் மாற்ற வேண்டியது பாராளுமன்றம் என்று கையை விரித்தார்கள். 2007இல் சட்ட ஆணைக்குழு ஒரு சீர்திருத்தத்தைப் பரிந்துரைத்தது. அது அலுமாரியில் தூங்குகிறது. ஸ்கொட்லாந்தில் 2006இலேயே சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு ஓரளவு உரிமை வந்துவிட்டது. இங்கே "இத்தனை வருசம் ஒண்டா இருந்தா சட்டப்படி புருசன் பொஞ்சாதிதான்" என்று நம்புகிற ஆக்கள் ஏராளம். அப்படி ஒரு சட்டம் இங்கிலாந்தில் இல்லை.

இதை நான் சட்ட வகுப்பு எடுப்பதற்காகச் சொல்லவில்லை. எங்களில் பலர் திருமணத்தை ஒரு பிற்போக்கு நிறுவனம் என்று தள்ளிவைத்துவிட்டு ஒன்றாக வாழ்கிறோம். நல்லது. ஆனால் அப்படி வாழ்கிற வீட்டில் உங்கள் துணை சம்பளமில்லாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் ஒவ்வொரு மாதமும் உங்களுடைய வாழ்க்கையில் ஏதோ சேமித்து வைக்கிறார், அதற்கு அவரிடம் பற்றுச்சீட்டு இல்லை. முழு அரச ஓய்வூதியத்துக்கு 35 வருடத் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பு வேண்டும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சிறுவர் கொடுப்பனவு எடுக்கிறவருக்கு அந்த வருடங்கள் சேரும். பிள்ளையில்லாத வீட்டில் ரொட்டி சுட்டவருக்குச் சேராது. ஆகவே வேலைப் பங்கீட்டைக் கதைக்கும்போது தும்புத்தடியை மட்டும் கதைத்தால் காணாது. வாடகை ஒப்பந்தத்தில் ஆருடைய பெயர், வங்கிக் கணக்கு ஆருடையது, ஓய்வூதியத்துக்கு ஆர் கட்டுறது, இதெல்லாம் குசினிக் கதைதான்.

இப்போது ஒரு சங்கடமான விசயம். வேலையில்லாதவர் வீட்டு வேலையைக் கூடச் செய்வார் என்றுதானே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்? பெண் என்றால் அது சரி. ஆண் என்றால் எப்போதும் அப்படி நடப்பதில்லை. 1994இல் ஜூலி பிரைன்ஸ் என்ற சமூகவியலாளர் அமெரிக்கக் குடும்பங்களின் தரவை வைத்து எழுதிய கட்டுரை பிரபலமானது. மனைவியின் சம்பளத்தில் தங்கியிருக்கும் அளவு கூடக்கூடக் கணவன் வீட்டு வேலையைக் குறைக்கிறான் என்று கண்டார். கையில் காசில்லை, அதோடு தும்புத்தடியையும் எடுத்தால் ஆம்பிளைத்தனத்தில் மிச்சம் என்ன என்ற பயம். லண்டன் ஸ்கூல் ஒஃப் இகொனொமிக்ஸில் கற்பிக்கிற அலியா ஹமீட் ராவ் 2020இல் வெளியிட்ட 'கிரஞ்ச் டைம்' என்ற புத்தகம் அமெரிக்காவில் வேலை இழந்த மத்தியதர வர்க்கக் குடும்பங்களுக்குள் போய்ப் பார்க்கிறது. ஆண் வேலை இழந்தால் அவன் வேலை தேடுவது முழுக் குடும்பத்தின் திட்டமாகிறது. அவனுக்கு இடமும் நேரமும் அமைதியும் ஒதுக்கப்படுகின்றன. பெண் வேலை இழந்தால் அவள் வீட்டுக்குள் மெல்ல மெல்ல உறிஞ்சப்படுகிறாள், வேலை தேடுவது அவளுடைய தனிப்பட்ட விசயமாகிறது.

இதை வாசித்தபோது எனக்கு ஆய்வு மாதிரித் தெரியவில்லை, ஹரோவில் இருக்கிற எங்கட சொந்தக்கார வீடுகள் மாதிரித் தெரிந்தது. அண்ணாவுக்கு வேலை போனால் சாப்பாட்டு மேசை அவருடைய ஒஃபிஸ். "சத்தம் போடாதீங்கோ, அவருக்கு இன்டர்வியூ." அக்காவுக்கு வேலை போனால் "நல்லதாப் போச்சு, கொஞ்ச நாள் பிள்ளையளோட இரன்." பிறகு ஆறு மாதம் கழித்து, "அவளுக்கு வேலைக்குப் போற எண்ணமே இல்லை."

வேலை தேடாமல் இருப்பவர்களைப் பற்றி மட்டும் நாங்கள் கதைக்கவில்லை. வேலை செய்யத் தடுக்கப்பட்டவர்கள் எங்கட சமூகத்தில் இருக்கிறார்கள். 2002 யூலை வரைக்கும் இந்த நாட்டில் அகதி அந்தஸ்துக் கோரியவர் ஆறு மாதத்துக்குள் முடிவு வராவிட்டால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். அந்த வருடம் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு 12 மாதம் என்று வந்தது, 2010இலிருந்து அதுவும் அரசாங்கத்தின் பட்டியலில் இருக்கிற வேலைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 2018இல் தொடங்கிய 'லிஃப்ட் த பான்' கூட்டமைப்பு இதை நீக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்கட அப்பாமார் 80களிலும் 90களிலும் வந்து பெற்றோல் செட்டிலும் கடையிலும் இரவு வேலை செய்த கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, இன்று வருகிற ஒரு பெடியன் வருடக்கணக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வைக்கப்படுகிறான் என்பது உறைப்பதில்லை. "வேலைவெட்டி இல்லாமல் நிக்கிறான்" என்று சொல்லிவிடுகிறோம்.

அப்படி ஒரு பெடியன் இங்கே பிறந்த ஒரு பெண்ணோடு வாழ்கிறான் என்று வையுங்கள். அவன் சமைக்கிறான். நல்லாவே சமைக்கிறான். ஆனால் வீட்டுக்கு ஆக்கள் வந்தால் அவள் குசினிக்குள் போய் அவன் வைத்த கறியைத் தான் வைத்த மாதிரிக் கோப்பையில் போட்டுக் கொண்டுவருகிறாள். ஊரிலிருந்து அம்மா வீடியோவில் எடுத்தால் அவன் ஏப்ரனைக் கழற்றிவிட்டுத்தான் ஃபோனைத் தூக்குகிறான். வீட்டோட மாப்பிள்ளை என்ற ஒரு சொல் எங்கட மொழியில் எத்தனை ஆம்பிளைகளைக் குனியவைத்திருக்கிறது பாருங்கள். வீட்டோட மருமகள் என்று ஒரு வசை இருக்கிறதா? இல்லை. அது வழமை என்பதால் அதற்குச் சொல்லே தேவைப்படவில்லை.

அதே நிலையில் பெண் இருந்தால் ஆபத்து வேறு மாதிரி. துணையின் விசாவில் தங்கியிருப்பவர், அரச கொடுப்பனவு எதுவும் எடுக்க முடியாதவர், கையில் ஒரு ஒய்ஸ்டர் கார்ட்டுக்குக் காசு கேட்க வேண்டியவர். அந்த வீட்டில் "நீர் வீட்டிலதானே நிக்கிறீர்" என்பது ஒரு வசனம் மட்டுமல்ல. காசைப் பிடித்துவைத்து ஒருவரை அடக்குவதை 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வன்முறை என்றுதான் வரையறுக்கிறது. எங்கட ஆக்களில் பலருக்கு அடித்தால்தான் வன்முறை.

சரி, அப்ப என்ன செய்வது? வேலைக்குச் சம்பளம் கொடுக்கலாமா? இந்தக் கேள்விக்கு இந்த நகரத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. 1972இல் வீட்டு வேலைக்குச் சம்பளம் என்ற இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் செல்மா ஜேம்ஸ். அமெரிக்காவில் பிறந்து, சி.எல்.ஆர். ஜேம்ஸோடு வாழ 50களில் லண்டன் வந்தவர். அந்த மரபில் வந்த பெண்கள் நிலையம் கென்டிஷ் டவுனில் இருக்கிறது. இத்தாலியில் மரியாரோசா டல்லா கோஸ்ட்டா, நியூயோர்க்கில் சில்வியா ஃபெடரிச்சி. அவர்களுடைய வாதம், தொழிலாளியை ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொடுத்து, உடுப்புத் தோய்த்து, ஆறுதல் சொல்லி அடுத்த நாள் வேலைக்கு அனுப்புகிற வேலையால் இலாபம் அடைவது முதலாளி, ஆகவே காசு தரவேண்டியது முதலாளியும் அரசும் என்பது. புருசன் பொஞ்சாதிக்குச் சம்பளம் கொடுக்க வேணும் என்று அவர்கள் கேட்கவில்லை. இதைப் பலர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள். துணைக்கு நீங்கள் சம்பளம் கொடுத்தால் நீங்கள் முதலாளி, வேலை பிடிக்காவிட்டால் சம்பளம் வெட்டுவீர்கள். அந்த வீட்டில் எனக்கு இருக்க விருப்பமில்லை.

ஆஞ்சலா டேவிஸ் 1981இல் 'பெண்கள், இனம், வர்க்கம்' புத்தகத்தில் இந்த இயக்கத்தை விமர்சித்தார். கறுப்பினப் பெண்கள் மற்றவர்களின் வீட்டில் காசுக்கு வீட்டு வேலை செய்துதான் வந்திருக்கிறார்கள், அந்தக் காசு அவர்களை விடுதலை செய்யவில்லை, வீட்டு வேலையையே சமூகமயமாக்க வேண்டும் என்று. எங்களுக்கு இது நன்றாக விளங்க வேண்டும். யாழ்ப்பாணத்து மத்தியதர வீடுகளில் மலையகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் குசினியில் வளர்ந்தார்கள். "எங்கட வீட்டில ஒரு பிள்ளை நிண்டது" என்று அம்மம்மா சாதாரணமாகச் சொல்லுவா. அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை நான் இந்த வரலாற்றில்தான் வைத்துப் பார்க்கிறேன். தொடக்கத்தில் மாதம் 1000 ரூபாய், ஒரு கோடியே ஆறு இலட்சம் பெண்களுக்கு. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததில் ஒரு அரசியல் இருக்கிறது. செல்மா ஜேம்ஸ் கேட்டதற்குக் கிட்ட வந்த அரசுகள் உலகத்தில் அதிகமில்லை. ஆனால் 1000 ரூபாய், அதுவும் குடும்ப வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள், வருட மின்சாரம் 3600 யூனிட்டுக்குள் என்றால்தான். மின்சார மீட்டரைப் பார்த்து ஒருத்தி உழைத்தாளா என்று தீர்மானிக்கிற யோசனை ஆருக்கு வந்ததோ தெரியாது. இன்னொன்று, அந்தத் திட்டம் வீட்டில் ஆர் சமைப்பது என்பதைத் தொடுவதே இல்லை. காசு வந்தாலும் கரண்டி அவள் கையில்தான்.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியதை அரசிடம் கேட்போம். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குள் என்ன அளவுகோல்? நானும் என்ர துணைவரும் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். வேலையைப் பிரிக்காமல் ஓய்வைப் பிரிக்கிறோம். கிழமை முடியும்போது இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு சும்மா இருக்கிற நேரம் கிடைத்ததா என்று பார்க்கிறோம். என்னுடைய படிப்பும் சம்பள வேலையும் பயணமும் ஒரு பக்கம். அவருடைய பக்கத்தில் சமையல், கடை, உடுப்பு மட்டுமல்ல, வேலை தேடுவது, விண்ணப்பம் நிரப்புவது, வகுப்புக்குப் போவது எல்லாம் வேலைதான். ஒரு கடிதத்துக்காகக் காத்திருப்பது கூடக் களைப்புத் தருகிற வேலை, அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இப்படிக் கூட்டினால் அவர் என்னைவிட வீட்டு வேலை கூடச் செய்கிறார், ஆனால் எல்லாவற்றையும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை குசினி என்னுடையது. வீட்டில நிக்கிறவருக்கும் ஞாயிற்றுக்கிழமை வேணும்.

காசும் அதே மாதிரி. வாடகை, சாப்பாடு, கவுன்சில் வரி போக மிஞ்சுவதில் இரண்டு பேருக்கும் ஒரே தொகை, கேள்வி இல்லை, கணக்கு இல்லை. எங்கட வீட்டில் அது பெரிய தொகை அல்ல. ஆனால் ஒரு கோப்பிக்கு ஆரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது.

சில வேலைகளை ஓய்வுக் கணக்குக்கு வெளியே வைத்திருக்கிறோம். முதலாவது கக்கூஸ் கழுவுவது. எவ்வளவு களைத்து வந்தாலும் என்னுடைய முறைக்கு நான்தான். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. எங்கட ஊரில் வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில் அதை ஆர் சுமந்தார்கள், எந்தச் சாதி என்று சொல்லி அவர்களைச் சுமக்க வைத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கல்வீட்டில் பிறந்த ஆள் லண்டனில் தன் கக்கூஸைத் தான் கழுவாமல் விடுகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பழக்கம்தான் கப்பலேறி வந்து நிக்கிறது. சம்பளம் கூட என்பதால் இந்த வேலையிலிருந்து விலக்குக் கேட்கிற தோழரை நான் தோழர் என்று கூப்பிட யோசிப்பேன்.

இரண்டாவது, ஞாபகம் வைத்திருக்கிற வேலை. அலிசன் டமிஞ்சர் 2019இல் எழுதிய ஒரு கட்டுரை இதை நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. வரப்போவதை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, பிறகு நடந்ததா என்று கவனிப்பது. முடிவெடுப்பதில் மட்டும் ஆண்கள் சமமாக நிற்கிறார்கள், முதலும் கடைசியும் பெண்களின் தலையில். தூள் முடியப்போகுது, ஊரிலிருந்து வாறவரிட்டச் சொல்ல வேணும் என்பது ஆருடைய மண்டையில் ஓடுகிறது? கடைக்குப் போகிறவர் ஆர் என்பதைவிட அது முக்கியமான கேள்வி. "என்ன செய்யோணும் எண்டு சொல்லும், நான் செய்யிறன்" என்கிற துணை நல்ல மனுசர்தான், ஆனால் அவர் தன் மண்டையை உங்கட கழுத்தில் வைத்துவிட்டார். எங்கட வீட்டில் ஒரு பகுதியை எடுத்தவர் அதை முழுதாக எடுக்கிறார். சாப்பாடு என்றால் அரிசி முடிவதைக் கவனிப்பதிலிருந்து குப்பை வாளி வரைக்கும். உதவி என்ற சொல்லை நாங்கள் பாவிப்பதில்லை. சொந்த வீட்டில் ஆர் ஆருக்கு உதவி?

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, பலர் மறக்கிறது. நிலைமை மாறினால் திரும்ப இருந்து கதைக்க வேணும். வேலை கிடைத்த பிறகும் பழைய பங்கு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். தேசியப் புள்ளிவிபர அலுவலகத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்த நாட்டில் பெண்கள் கிழமைக்கு சராசரி 26 மணித்தியாலம் சம்பளமில்லாத வேலை செய்கிறார்கள், ஆண்கள் 16. அந்தப் பத்து மணித்தியாலத்தில் எத்தனை, ஒரு காலத்தில் "இப்போதைக்கு நான் பாக்கிறன்" என்று எடுத்துத் திருப்பிக் கொடுபடாதவை?

இவ்வளவும் வீட்டுக்குள். கடைசியாக எங்கட கூட்டைப் பற்றி. கடந்த மாதங்களில் பனர் எழுதியது, துண்டுப்பிரசுரம் மொழிபெயர்த்தது, மண்டபத் திறப்பு வாங்கப் போனது, ஊர்வலத்துக்குச் சோறு சமைத்தது ஆர் என்று நான் எங்கட வட்ஸ்அப் குழுவில் மேலே போய்ப் பார்த்தேன். பெரும்பாலும் வேலையில்லாத அல்லது வேலை செய்ய அனுமதியில்லாத தோழர்கள். ஒவ்வொரு முறையும் ஆரோ ஒருவர் "நீங்கள் ஃப்ரீதானே" என்று போட்டிருக்கிறோம். மேடையில் பேசினவர்கள், பேட்டி கொடுத்தவர்கள் பெரும்பாலும் சம்பளத்தில் இருப்பவர்கள், இங்கே படித்தவர்கள். நானும் இப்போது மைக்குக்கு முன்னால்தான் நிக்கிறேன்.

ஆகவே கலந்துரையாடலுக்கு மூன்று முன்மொழிவு வைக்கிறேன். கூட்டத்துக்கு வருகிற பயணச் செலவையும் ஃபோன் டேட்டாவையும் கூட்டின் காசிலிருந்து, கேட்காமலே, எல்லாருக்கும் கொடுப்பது. சமையலுக்கும் மண்டபம் கூட்டுவதற்கும் பெயர் அகரவரிசையில் முறை போடுவது, ஆருக்கு நேரம் இருக்கு என்று பார்க்காமல். அடுத்த பொதுக்கூட்டத்தில் வேலை உரிமை பற்றிப் பேசுவதை, அந்த உரிமை இல்லாத தோழர்களில் விரும்புகிறவரிடம் கொடுப்பது, அன்றைக்கு அவருடைய பிள்ளையை நாங்கள் பார்ப்பது. முதலாவது முறை என்னுடையதாக இருக்கட்டும், தேத்தண்ணிக் கோப்பைகள் பின்னால் சிங்குக்குள் கிடக்கு. கேள்விகளைத் தொடங்குங்கோ, நான் கழுவிக்கொண்டே கேட்கிறேன்.